சீட்டில்லாத சங்கு

1970களின் நடுவில், தூத்துக்குடியில் இருந்துகொண்டு ஒரு சங்கின் அறிவியல் பெயரைத் தெரிந்துகொள்வது தபால்காரரை நம்பிச் செய்கிற காரியம். தீப்பெட்டியில் பஞ்சை விரித்துச் சங்கைக் கிடத்தி, மேலே இன்னும் கொஞ்சம் பஞ்சு வைத்து மூடுவோம். அதை ஒரு தகர டப்பாவில் போட்டு, காடாத் துணியில் தைத்து, தையல் மேல் அரக்கு வைத்து, சென்னை அருங்காட்சியகத்துக்கோ கல்கத்தாவில் உள்ள விலங்கியல் ஆய்வு நிறுவனத்துக்கோ அனுப்புவோம். பதில் வந்து சேர்வதற்குள் அடுத்த பருவத் தேர்வு வந்துவிடும். தட்டச்சு செய்த ஒரே ஒரு வரிதான் வரும்: பேரினம், சிற்றினம், முதலில் விவரித்தவர், ஆண்டு. அந்த வரியை எங்கள் கல்லூரித் துறையில் எல்லோரும் கூடி நின்று படிப்போம்.

இன்று அதே சங்கைக் கைபேசியில் படம் எடுத்தால் அரை நிமிடத்தில் பெயர் வந்து நிற்கிறது. கூடவே அதன் உறவுகள், உலக வரைபடத்தில் அது கிடைக்கும் இடங்கள், இருநூற்றைம்பது ஆண்டுகளில் அதற்கு யார் யார் என்னென்ன பெயர் வைத்தார்கள் என்பதெல்லாம் வருகின்றன. இந்த மாற்றத்தை முழுக்க வாழ்ந்து பார்த்த தலைமுறை எங்களுடையது. இதில் எனக்குக் குறைசொல்ல ஒன்றுமில்லை, மகிழ்ச்சிதான். ஆனால் சொல்லவேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அதற்கு அந்தக் காலத்துச் சீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் பேராசிரியர் சங்கைக் கையில் வாங்கியதும் முதலில் சங்கைப் பார்க்க மாட்டார். "சீட்டு எங்க?" என்பார். எங்கே எடுத்தது, எந்தத் தேதி, எத்தனை ஆழம், மணலா பாறையா, உயிரோடு இருந்ததா வெறும் ஓடா, யார் எடுத்தது. இவ்வளவும் விரல் அகலச் சீட்டில் பென்சிலால் எழுதியிருக்க வேண்டும். பேனா மை ஈரத்தில் பரவிவிடும் என்பதால் பென்சில். "பேரு தெரியலேன்னா பரவாயில்ல, நாளைக்கு ஒருத்தன் வந்து கண்டுபிடிப்பான். எடம் தெரியலேன்னா ஒருத்தனாலும் கண்டுபிடிக்க முடியாது" என்பார். சீட்டில்லாத சங்கை அவர் திட்டவில்லை, எறியவும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கென்று வேறொரு கூடையில் போட்டுவிடுவார்.

அந்தச் சீட்டுக்கான விவரங்களை எனக்குக் கொடுத்தவர்கள் எங்கள் ஊர் திரேஸ்புரத்துச் சங்கு குளியாளிகளும் நண்டு வலைக்காரர்களும். பால் சங்கு அரசாங்கக் கிட்டங்கிக்குப் போய்விடும். அதோடு மேலே வந்த மற்றவற்றைக் கரையில் கொட்டுவார்கள். ஐவிரல் சங்கு, முள்ளுச் சங்கு, சோவி, புறாமுட்டை எல்லாம் அதில் கிடக்கும். நண்டு வலையில் முள்ளுச் சங்கு சிக்கினால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. வலையை அறுக்காமல் ஒவ்வொரு முள்ளாகக் கழற்ற வேண்டும். வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்வார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன்.

"இது எங்க கெடச்சுது அண்ணாச்சி?"

"தொலாயிரம் பாருல தம்பி. ஒம்பது பாகம் இருக்கும். பாருக்குள்ள இல்ல, பாரு ஓரத்து மணல்ல."

இந்தப் பதிலை ஒரு கடல் ஆராய்ச்சிக் கப்பல் கொடுத்திருந்தால் அதற்கு ஓர் அறிக்கையே வந்திருக்கும். இடம், ஆழம், அடித்தரை மூன்றும் ஒரே மூச்சில். பார் என்பது கடலடிப் பாறைத் திட்டு. முத்துச்சிப்பி விளையும் இடங்களாக அவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் உண்டு. ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி. கரையில் கோயில் கோபுரம் தெரிவது போல அவர்களுக்குக் கடலடியில் ஒவ்வொரு பாரும் தெரியும். நான் செய்ததெல்லாம் கேட்டதைக் கேட்டபடி எழுதியதுதான்.

புத்தகம் என்று பார்த்தால் எங்கள் கரைக்கு இரண்டு பகுதிகளாக வந்த ஒரு நூல் இருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் எஸ். டி. சத்தியமூர்த்தி, பாம்பன் பக்கத்துக் குருசடைத் தீவின் மெல்லுடலிகளைப் பற்றி எழுதியது. சங்கு வகைகள் 1952இலும், சிப்பிகளும் கணவாய்களும் 1956இலும் வெளிவந்தன. அருங்காட்சியகம் வெளியிட்ட அந்த நூல் எங்கள் கல்லூரியில் ஒரே பிரதி, பூட்டிய அலமாரியில். கையெழுத்துப் போட்டு வாங்கி அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். அதிலுள்ள விவரணைகளை நோட்டில் பக்கம் பக்கமாக எழுதியெடுத்தோம். ஓட்டின் வாய் எப்படி, உள்ளுதட்டில் எத்தனை மடிப்பு, சுற்றுகளுக்கு நடுவே பள்ளம் உண்டா என்று எழுதி எழுதியே கண் பழகியது. அப்படிப் பழகிய கண் இன்றும் கைவிடவில்லை.

வண்ணப் படங்களோடு ஒரு பெரிய புத்தகம் 1982இல் வந்தது. டக்கர் அபோட்டும் பீட்டர் டான்சும் சேர்ந்து செய்தது. 4,000க்கு மேற்பட்ட சங்குகளின் வண்ணப் படங்கள் அதில் இருந்தன. வெளியூரிலிருந்து வந்த ஓர் ஆய்வாளரின் பையில் அதைப் பார்த்தோம். ஒரு மாலை முழுவதும் புரட்ட விட்டார். விலையைக் கேட்டுக்கொண்டு பேசாமல் திருப்பிக் கொடுத்தோம். தமிழ்நாட்டுக் கடற்கரையில் வாழ்ந்த எத்தனையோ ஆர்வலர்கள் தங்கள் கரையில் கிடைப்பதன் வண்ணப் படத்தை வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பார்க்காமலே போய்விட்டார்கள். கையில் நிஜச் சங்கு இருந்தது, ஒப்பிட்டுப் பார்க்கப் படம் இல்லை.

எங்கள் ஊரைப் பற்றிய பழைய நூல்கள் எங்கள் ஊரில் இல்லை என்பதுதான் அந்தக் காலத்தின் பெரிய குறை. ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர் முத்து, சங்கு சலாபங்களுக்கான, அதாவது அவற்றைக் குளித்தெடுக்கும் தொழிலுக்கான, அதிகாரியாகத் தூத்துக்குடியில் இருந்தவர். பிறகு சென்னை மாகாண மீன்வளத் துறைக்கே இயக்குநரானார். அவர் 1914இல் சங்கைப் பற்றி மட்டும் ஒரு முழு நூல் எழுதினார். சங்கு எங்கே வாழ்கிறது, என்ன தின்கிறது, எப்படி முட்டையிடுகிறது, குளியாளிகள் எப்படி வேலை செய்கிறார்கள், வங்காளத்தில் அதை எப்படி அறுத்து வளையல் செய்கிறார்கள் என்று எல்லாம் அதில் உண்டு. கொற்கையிலும் பழைய காயலிலும் தரையில் கிடந்த அறுத்த சங்குத் துண்டுகளைப் பார்த்து, இங்கேயே ஒரு காலத்தில் வளையல் பட்டறைகள் இருந்தன என்று எழுதியவரும் அவர்தான். அவருக்கு முன்பே எட்கர் தர்ஸ்டன் 1890இல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு சலாபங்களைப் பற்றி எழுதினார். இலங்கைப் பக்கத்து முத்துப் பார்களை ஆராய்ந்த ஹெர்ட்மன் 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். இந்தப் பெயர்களையெல்லாம் நாங்கள் மற்றவர்களின் கட்டுரை அடிக்குறிப்புகளில்தான் பார்த்தோம். மூலம் இருந்தது லண்டனில், கல்கத்தாவில், சென்னையில் சில பூட்டிய அறைகளில்.

2006இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உள்ள இயற்கை வரலாற்று நூலகங்கள் ஒன்று சேர்ந்து பல்லுயிர் மரபு நூலகம் என்ற பெயரில் பழைய நூல்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் போடத் தொடங்கின. இன்டர்நெட் ஆர்க்கைவும் அதே வேலையைச் செய்தது. லின்னேயஸின் 1758 பதிப்பு முதல் நூறாண்டு பழைய சங்கு ஆய்விதழ்கள் வரை காசு வாங்காமல் படிக்கலாம். ஹார்னெல் எழுதிய சங்கு நூலை நான் முதன்முதலாக முழுசாகப் படித்தது பணி ஓய்வுக்குப் பிறகு, ஒரு பிரவுசிங் சென்டரில். படப் பக்கம் மெல்ல மெல்ல மேலிருந்து கீழே இறங்கி வரும். அச்செழுத்தில் தூத்துக்குடி, கீழக்கரை, ராமேஸ்வரம் என்று எங்கள் ஊர்ப் பெயர்கள் தெரிந்தபோது கண் கலங்கியது உண்மை. எங்கள் குளியாளிகள் சொன்னதைக் கேட்டு எழுதிய புத்தகம் அவர்களுடைய பேரன்மார் காலத்தில்தான் இந்தக் கரைக்குத் திரும்பி வந்தது.

நம்முடைய நிறுவனங்களும் இதில் பின்தங்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தன் வெளியீடுகளை எல்லாம் மின்பிரதிகளாகத் திறந்து வைத்திருக்கிறது. 1974இல் வெளிவந்த இந்தியாவின் வணிக மெல்லுடலிகள் பற்றிய தொகுப்பு நாங்கள் படிக்கும்போது கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்த புத்தகம். இன்று மண்டபத்து மாணவன் பேருந்தில் உட்கார்ந்தபடி அதைப் படிக்கிறான். இதைவிட நல்ல காரியம் வேறென்ன வேண்டும்?

அடுத்தது பெயர். பழைய நூலைப் படிப்பவருக்கு வருகிற முதல் தலைவலி, அதில் உள்ள பெயர் இன்று வேறாக இருப்பது. எங்கள் பால் சங்கு அந்தக் காலக் கட்டுரைகளில் சாங்கஸ் பைரம். இன்று டர்பினெல்லா பைரம். சோவிகள் அத்தனையும் அன்று சைப்ரியா என்ற ஒரே பேரினத்தில் இருந்தன. இன்று பலவாகப் பிரிந்துவிட்டன. பலகறை என்று ஒரு காலத்தில் காசாகப் புழங்கிய சின்னச் சோவி மொனெட்டாரியா மொனெட்டா ஆகிவிட்டது. அன்று இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அந்தக் குழுவில் உழைக்கும் ஆள் யாராவது பதில் எழுத வேண்டும். இன்று பெல்ஜியத்தின் ஓஸ்டெண்டில் இருக்கும் கடல் ஆய்வு நிறுவனத்தில் வைத்துப் பேணப்படும் உலகக் கடலுயிர்ப் பெயர்ப் பதிவேடு இருக்கிறது. அதன் கிளையாக மெல்லுடலிகளுக்கென்றே மொலஸ்காபேஸ் இருக்கிறது. பழைய பெயரைத் தட்டினால், இது இப்போது ஏற்கப்படவில்லை, ஏற்கப்பட்ட பெயர் இது என்று கைபிடித்துக் கூட்டிப் போகிறது. மாற்றியவர் யார், எந்தக் கட்டுரையில் என்பதும் இருக்கும். உலகெங்கும் உள்ள நிபுணர்கள் சம்பளமில்லாமல் செய்கிற வேலை இது.

இது வெறும் படிப்பாளிகளின் விவகாரம் என்று நினைக்க வேண்டாம். 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் 24 மெல்லுடலிகள் சேர்க்கப்பட்டன. கொம்பு முளைத்தது போன்ற பெரிய காசிஸ் கார்னூட்டா, ஊதுசங்காகப் பயன்படும் சரோனியா டிரைடோனிஸ், நாட்டிலஸ், இரண்டு வகை ராட்சதச் சிப்பிகள் இவையெல்லாம் புலிக்குக் கொடுத்த அதே முதல் அட்டவணையில் இடம்பெற்றன. நான்காம் அட்டவணையில் டிரோகஸ் நைலோட்டிகஸ், லாம்பிஸ் கைராக்ரா, ஃபேசியோலாரியா டிரபீசியம் என்று இன்னும் 15 வந்தன. சட்டத்தில் எழுதிய பெயர் எழுதியபடி நின்றது. அறிவியல் நகர்ந்தது. டிரோகஸ் நைலோட்டிகஸ் இன்று ரோக்கியா நைலோட்டிகா. லாம்பிஸ் கைராக்ரா இன்று ஹார்பாகோ கைராக்ரா. ஃபேசியோலாரியா டிரபீசியம் இன்று புளூரோபுளோகா. வெளிநாட்டு விற்பனைத் தளத்தில் புதுப் பெயரோடு இருக்கும் சங்கு நம் சட்டத்தின் பழைய பெயருக்குள் வருமா என்று பார்க்க வேண்டிய வனத்துறை ஊழியருக்கும் சுங்க அதிகாரிக்கும் அந்தப் பெயர்ப் பதிவேடுதான் துணை. 2022 திருத்தத்தில் அட்டவணைகளே மாற்றி அமைக்கப்பட்டன. சங்கு சேர்க்கும் ஒவ்வொருவரும் இன்றைய பட்டியலை எடுத்துத் தம் கையில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

எங்கள் காலத்தில் ராமேஸ்வரம் கோயில் தெருக் கடைகளில் இவையெல்லாம் குவிந்து கிடக்கும். முள்ளுச் சங்கில் விளக்கு, ஐவிரல் சங்கில் விநாயகர், சோவி மாலை, பெரிய சிப்பியில் சோப்புப் பெட்டி. யாரும் தவறாக நினைக்கவில்லை. 1986இல் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிக் கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. இன்று அந்தத் தீவுகளில் ஒரு சிப்பி ஓட்டைக்கூட எடுக்கக் கூடாது. அப்படித்தான் இருக்க வேண்டும். வெறும் ஓடுதானே என்று கேட்பவர்களுக்குத் துறவி நண்டைக் காட்டுவேன். வளர வளர அதற்குப் பெரிய சங்கு ஓடு வேண்டும். கிடைக்காவிட்டால் சின்ன ஓட்டுக்குள் நெருக்கிக்கொண்டு, பின்பக்கம் வெளியே தெரிய அலையும். ஸ்பெயினில் யார்கா என்ற கடற்கரையில் 1978 முதல் 1981 வரை எண்ணியதையும் முப்பது ஆண்டு கழித்து எண்ணியதையும் ஒப்பிட்டு 2014இல் ஓர் ஆய்வு வந்தது. இடைப்பட்ட காலத்தில் சுற்றுலாப் பயணிகள் ஏறத்தாழ மூன்று மடங்கு ஆனார்கள். கரையில் கிடந்த ஓடுகள் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டன. அந்தக் கட்டுரையும் யாரும் படிக்கத் திறந்தே இருக்கிறது.

அன்று எங்களிடம் சங்கு இருந்தது, பெயர் இல்லை. இன்று பெயர் இருக்கிறது, சங்கை எடுக்கக் கூடாது, எடுக்கவும் அதிகம் இல்லை. அதனால்தான் சீட்டைப் பற்றிப் பேசுகிறேன். இன்றைய மாணவர் கையில் மிஞ்சுவது இடமும் தேதியும்தான். அதை ஒழுங்காகக் குறித்தால், சங்கைத் தொடாமலே அறிவியலுக்குச் சேர்க்கலாம்.

ஐநேச்சுரலிஸ்ட் என்ற தளம் அதற்காகவே அமைந்தது போல இருக்கிறது. 2008இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் மாணவர்களின் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியது. உயிரினத்தின் படத்தை இடம், தேதியோடு ஏற்றினால், இயந்திரம் ஒரு பெயரை முன்மொழியும். பிறகு ஆட்கள் வந்து சரிபார்ப்பார்கள். பெரும்பான்மை ஒப்புக்கொண்டால் அது ஆய்வுத் தரமாகி, கோபன்ஹேகனில் அலுவலகம் வைத்திருக்கும் உலகப் பல்லுயிர்த் தரவுத் தொகுப்புக்குப் போய்ச் சேரும். அழிவு ஆபத்தில் உள்ள உயிர் என்றால் சரியான இடத்தைப் பொதுவில் காட்டாமல் மறைத்து வைக்கவும் வழி செய்திருக்கிறார்கள்.

ஆனால் படம் எடுக்கிற விதம் வேண்டும். பிள்ளைகள் சங்கை உள்ளங்கையில் வைத்து, அழகாகத் தெரிகிற முதுகுப் பக்கத்தை மட்டும் எடுத்துப் போடுகிறார்கள். எங்கள் புறாமுட்டையையே எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடியில் அதில் இரண்டு வகை கிடைக்கும்: பாபிலோனியா ஸ்பைராட்டா, பாபிலோனியா செய்லானிக்கா. இரண்டுக்கும் வெள்ளையில் தேன்நிறப் புள்ளி. முதுகைப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். உச்சியிலிருந்து பார்க்க வேண்டும். ஸ்பைராட்டாவில் சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே ஆழமான வாய்க்கால் ஓடும், நகத்தை வைத்தால் உள்ளே இறங்கும். செய்லானிக்காவில் அந்த வாய்க்கால் இல்லை. உச்சி ஒரு படம், வாய்ப்புறம் ஒரு படம், முதுகு ஒரு படம், பக்கத்தில் ஓர் அளவுகோல். இந்த மூன்று கோணமும் இருந்தால் பெல்ஜியத்தில் இருப்பவரும் பெயர் சொல்வார், குளச்சலில் இருப்பவரும் சொல்வார். ஒற்றை முதுகுப் படத்துக்கு இயந்திரம் பசிபிக் கடல் சங்கின் பெயரைச் சொன்னாலும் சொல்லும்.

உயிருள்ள கூம்புச் சங்கை மட்டும் படத்துக்காகக்கூடக் கையில் எடுக்க வேண்டாம். அது மீன்களையும் புழுக்களையும் நஞ்சு ஊசியால் குத்திப் பிடிக்கிற பிராணி. சில வகைகளின் குத்தால் மனிதர் இறந்திருக்கிறார்கள்.

போன ஆண்டு பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் செம்பட்டுத் துணியில் சுற்றி ஒரு சங்கு கொண்டுவந்தார். இணையத்தில் வாங்கியது. மகளின் கல்யாணத்துக்கு முன்பு பூஜை அறையில் வைக்க வேண்டுமென்று பெரிய தொகை கொடுத்திருந்தார். "வலம்புரிதானே சார், ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்றார். சுற்று வலம்புரிச் சுற்றுதான். ஆனால் நான் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தேன். எங்கள் கடல் சங்காக இருந்தால் உள்ளே நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் வரிசையாகக் குறுக்கே ஓட வேண்டும். விரலை விட்டாலே தட்டுப்படும். இதில் நடுத்தண்டு வழவழவென்று இருந்தது. தோளில் மழுங்கிய முண்டுகள், கீழே நீண்டு குறுகிய வால். பெயர்ப் பதிவேட்டிலிருந்து ஆரம்பித்து அமெரிக்க அருங்காட்சியகங்களின் படங்கள் வரை அவருக்கே திறந்து காட்டினேன். அது சினிஸ்ட்ரோஃபல்கர் என்ற பேரினத்துச் சங்கு. அட்லாண்டிக்கிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் வாழ்வது. அந்த இனத்துக்கு இயல்பான சுற்றே அந்தப் பக்கம்தான். ஆயிரக்கணக்கில் கிடைக்கும். டெக்சாஸ் மாநிலம் 1987இல் தன் அதிகாரபூர்வச் சங்காக அதைத்தான் அறிவித்தது. நம் கடலில் வலம்புரி என்பது டர்பினெல்லா பைரத்தில் எப்போதாவது ஒன்று மாறிச் சுற்றி வளர்வது. இது அப்படி வந்ததல்ல.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இது எந்தக் கடல்ல எடுத்ததுன்னு அவன் எழுதியே குடுக்கலையே சார்" என்றார். அவர் சொன்னதுதான் விஷயம். விற்பவன் எழுதிக்கொடுத்த தாளில் ஜாதகமும் பலனும் இருந்தன. எடுத்த இடம் இல்லை. சீட்டு கேட்கும் பழக்கம் பரவினால் இந்த வியாபாரம் பாதி படுத்துவிடும்.

என்னிடம் இருக்கும் தொகுப்பைக் கல்லூரிக்குக் கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. முதுகலை மாணவி ஒருத்தி சனி, ஞாயிறுகளில் வந்து ஒவ்வொரு சீட்டாகக் கணினியில் ஏற்றுகிறாள். முதலில் சங்குகளின் உடல்நலம் பார்க்க வேண்டியிருந்தது. மர இழுப்பறையில் வெகுகாலம் வைத்த சங்கின் மேல் வெள்ளையாக மாவு பூக்கும். நாங்கள் பூசணம் என்று சொல்வோம். 1899இல் லாஃப்டஸ் பைன் என்பவர் இதைப் பற்றி எழுதியதால் பைன் நோய் என்றே பெயர். உண்மையில் இது நோயே அல்ல. மரமும் அட்டையும் விடுகிற அமில ஆவி சங்கின் சுண்ணத்தைத் தின்பதால் வரும் உப்பு. கழுவி நன்றாகக் காயவைத்து, கண்ணாடிக் குப்பியிலும் பாலித்தீன் பையிலும் மாற்றினோம். இதற்கான முறையையும் அவள் அருங்காட்சியகங்களின் இலவசக் கையேடுகளிலிருந்து எடுத்தாள். எங்கள் பேராசிரியரின் தேக்கு அலமாரியில் எத்தனை நல்ல சோவிகள் பொலிவிழந்தன என்பது இப்போது நினைத்தாலும் மனதைப் பிசைகிறது.

கணினிப் பட்டியலில் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு கட்டங்கள் உண்டு. என் சீட்டுகளில் இருப்பது தொலாயிரம் பார், ஒன்பது பாகம். "இத எப்படி சார் நம்பரா மாத்துறது?" என்றாள். ஹார்னெலையும் தர்ஸ்டனையும் திறந்தோம். அந்தப் பழைய முத்துச் சலாப அறிக்கைகளில் பார்களின் பெயர், ஆழம், கரையிலிருந்து தூரம் எல்லாம் இருக்கின்றன. எனக்குச் சொல்லித்தந்த அண்ணாச்சி இப்போது இல்லை. அவர் மகன் இருக்கிறார், ஜிபிஎஸ் கருவியோடு கடலுக்குப் போகிறவர். அவரிடம் போய்க் கேட்டோம். "அப்பா கோபுரத்தையும் லைட்ஹவுஸையும் வெச்சுக் கணக்குப் பாப்பாவ. எனக்கு மிஷின்ல குறிச்சிருக்கு, பாருங்க" என்று எண்ணை எடுத்துக் கொடுத்தார். பழைய அறிக்கையின் தூரமும் இவருடைய எண்ணும் பொருந்தி வந்தன. பார் பெரிது, சங்கு அதில் எந்த மூலையில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே நடுவில் ஒரு புள்ளி வைத்து, சுற்றிலும் இத்தனை தூரம் வரை இருக்கலாம் என்று ஒரு வட்டம் போட்டுக் குறித்தோம். தரவுத் தொகுப்பில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது.

அண்ணாச்சியின் மகன் இன்னொன்றும் சொன்னார். "இதுல எங்க பேரு ஒண்ணுமே இல்லியே. ஐவிரல் சங்குன்னு போட மாட்டாவளா?" போடலாம். ஐநேச்சுரலிஸ்டில் ஒவ்வொரு இனத்துக்கும் அந்தந்த மொழிப் பெயரைச் சேர்க்க இடமுண்டு, தமிழுக்கும் உண்டு. நாங்கள் அவரையே உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டுச் சேர்த்துவருகிறோம். ஒரே சங்குக்குத் தூத்துக்குடியில் ஒரு பெயர், வேதாளையில் ஒரு பெயர், கீழக்கரையில் ஒரு பெயர் என்று இருக்கும். அதனால் எந்த ஊர்ப் பெயர் என்பதையும் மாணவி எங்கள் பட்டியலில் குறிக்கிறாள்.

இதுவரை கூம்புச் சங்குகளும் முள்ளுச் சங்குகளும் முடிந்திருக்கின்றன. அடுத்து சோவிகள். சிப்பிகளில் இரண்டு ஓடும் சேர்ந்திருப்பவற்றை முதலில் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. பெரிய கூடை ஒன்று நிறையச் சீட்டில்லாதவையும் இருக்கின்றன. அவற்றைப் பட்டியலில் ஏற்றப் போவதில்லை. பக்கத்து நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியை கேட்டிருக்கிறார், அடுத்த வாரம் அங்கே போகும்.